தபாலில் போன விண்ணப்பங்கள்

நமது கல்லூரியின் வருடாந்தப் பரிசளிப்பு விழா அறிக்கைகளில் "ஆசிரியர் குழாம்" என்றொரு பகுதி தவறாமல் இடம்பெறும். யார் புதிதாக வந்தார்கள், யார் இடமாற்றம் பெற்றார்கள், யார் ஓய்வு பெற்றார்கள் என்ற விபரம் சில வரிகளில் இருக்கும். 1970 களின் நடுப்பகுதியிலிருந்து அந்த வரிகளுக்கிடையே "வெளிநாட்டு நியமனம் பெற்றுச் சென்றார்" என்ற சொற்றொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. எந்த நாடு, என்ன பாடம், திரும்பி வந்தாரா என்ற குறிப்பு எதுவும் இல்லை. அடுத்த வரியில் வலைப்பந்தாட்டக் குழுவின் வெற்றி வந்துவிடும்.

நான் மருத்துவர், வரலாற்றாசிரியை அல்லள். ஆயினும் இம்மலருக்கு எழுதும்படி சங்கம் கேட்டபோது அந்த ஒற்றைச் சொற்றொடரைப் பின்தொடர்ந்து போகலாம் என்று நினைத்தேன். அப்படிச் சென்ற ஆசிரியைகள் சிலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிற் பலர் தமது பழைய கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறார்கள். இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்தக் கடிதங்களிலிருந்தும் அவர்கள் சொன்னவற்றிலிருந்தும் வந்தது. பெயர் குறிப்பிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இங்கே இல்லை.

கடல் கடந்து கற்பிக்கப் போவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. பிரித்தானியர் காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞர்களோடும் புகையிரதப் பகுதியினரோடும் ஆசிரியர்களும் சென்றார்கள். ஒரே பேரரசுக்குள் பயணம் என்பதால் உறவினர் ஒருவரின் கடிதமும் கப்பல் கட்டணமும் பெரும்பாலும் போதுமாயிருந்தன. 1953 இல் மலாயாவின் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்தக் கதவு ஒடுங்கிற்று. இங்கிலாந்தின் கதவு 1962 ஜூலை முதலாந் திகதி ஒடுங்கியது. அன்று அமுலுக்கு வந்த பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டத்தின்படி வேலைக்குப் போகிறவர் இலண்டனிலுள்ள தொழில் அமைச்சிலிருந்து முன்கூட்டியே ஒரு வவுச்சர் பெற்றிருக்க வேண்டும். குறிப்பிட்ட வேலை ஒன்று காத்திருப்பவர்களுக்கு 'ஏ' பிரிவு. தகைமை உள்ளவர்களுக்கு 'பி' பிரிவு. ஆசிரியர்களும் மருத்துவர்களும் தாதியரும் இதற்குள் வந்தார்கள். 1965 ஓகஸ்டில் முழுப் பொதுநலவாயத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 8,500 வவுச்சர் என்று எல்லை போட்டார்கள். அதிலும் 1,000 மோல்ற்றாவுக்கு ஒதுக்கப்பட்டது. கற்பிப்பதற்காக வவுச்சர் பெற்றுச் சென்ற தெற்காசியப் பட்டதாரிகளில் ஒரு பகுதியினர் அங்கே பஸ் நடத்துநர்களாகவும் தொழிற்சாலைத் தொழிலாளர்களாகவும் வேலை செய்ய நேர்ந்தது. வவுச்சர் நாட்டுக்குள் நுழைய விட்டதே தவிர வகுப்பறைக்குள் நுழைய விடவில்லை. 1973 ஜனவரி முதல் வவுச்சர் முறையும் ஒழிந்தது.

ஆபிரிக்கா வந்தது இந்த இடத்தில்தான். 1964 ஒக்டோபரில் சாம்பியா சுதந்திரம் அடைந்தபோது அந்த நாடு முழுவதிலும் இருந்த சாம்பியப் பட்டதாரிகள் ஏறத்தாழ 100 பேர். பாடசாலைத் தராதரப் பத்திரம் பெற்றவர்கள் 1,200 பேரளவில். சனத்தொகையோ 35 இலட்சம். செப்புச் சுரங்க வருமானத்தைக் கொண்டு இடைநிலைப் பாடசாலைகளைக் கட்டினார்கள். கட்டடம் எழும்பிய வேகத்தில் ஆசிரியரை உருவாக்க முடியவில்லை. நைஜீரியாவில் 1973 இல் எண்ணெய் விலை ஏறியபின் பணம் குவிந்தது. 1976 செப்டெம்பரில் அங்கே அனைவருக்கும் இலவச ஆரம்பக்கல்வித் திட்டம் தொடங்கியபோது முதல் ஆண்டுக்கு 23 இலட்சம் பிள்ளைகளை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ 30 இலட்சம். சில ஆண்டுகளில் அந்த வெள்ளம் இடைநிலைப் பாடசாலைகளையும் வந்தடைந்தது. கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல், ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடி இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று பார்வையைத் திருப்பினார்கள்.

அவர்களுக்கு நமது ஆசிரியைகள் ஏன் பொருத்தமாகத் தெரிந்தார்கள் என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. இங்கே மூத்த தலைமுறை ஆசிரியைகள் கேம்பிறிட்ஜ், இலண்டன் பரீட்சைகளின் நிழலில் ஆங்கிலத்தில் படித்தவர்கள். சாம்பியாவின் மாணவர்கள் கேம்பிறிட்ஜ் பரீட்சைக்குத் தோற்றினார்கள். நைஜீரிய மாணவர்களுக்கு 1952 இல் அமைந்த மேற்கு ஆபிரிக்கப் பரீட்சைச் சபை அதே அச்சில் பரீட்சை நடத்தியது. சுயமொழிக் கல்வி வந்தபின் ஆங்கிலத்தில் படித்த தாவரவியலைத் தமிழில் கற்பித்துப் பழகியிருந்த ஆசிரியைக்கு, ஆபிரிக்காவில் அதே பாடத்தை மீண்டும் தான் படித்த மொழியிலேயே கற்பிக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

சம்பளமும் ஒரு காரணம். அதை மறைக்கத் தேவையில்லை. 1977 நவம்பரில் ரூபாவின் பெறுமதி வீழ்த்தப்பட்டு ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாவானது. அதே வெளிநாட்டுச் சம்பளம் ஓரிரவில் ரூபாக்கணக்கில் வெகுவாக உயர்ந்தது. இங்குள்ள சம்பளத்தை விலைவாசி தின்றது. சகோதரிகளின் சீதனம், தம்பியின் படிப்பு, ஒழுகும் வீட்டின் ஓடு எல்லாம் ஓர் ஆசிரியையின் மாதச் சம்பளத்தில் தொங்கிய குடும்பங்கள் நம்மில் எத்தனை!

இனி அந்த விண்ணப்பம். கொழும்புக்கு ஆட்சேர்ப்புக் குழுக்கள் வந்து நேர்முகம் நடத்தியதும் உண்டு. எனினும் நான் சந்தித்தவர்களில் அநேகர் முதலில் முகம் காட்டாமல், முற்றிலும் தபாலிலேயே விண்ணப்பித்தவர்கள். ஆங்கிலப் பத்திரிகை விளம்பரத்தில் ஒரு தபாற்பெட்டி இலக்கம் இருக்கும். அல்லது ஏற்கெனவே போன ஒருவர், அந்த மாநிலத்தின் கல்வி அமைச்சு முகவரியை ஏரோகிராமின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருப்பார். ஒரு முகவரி ஆசிரியர் அறையில் கைமாறிக் கைமாறி நாலைந்து விண்ணப்பங்களாகும். ஒருவருக்கொருவர் சொல்லாமலே விண்ணப்பித்து, பதில் வந்த பின்னர்தான் பக்கத்து மேசைக்காரியும் அங்கேதான் எழுதியிருந்தார் என்று அறிந்தவர்களும் இருக்கிறார்கள்.

முதற் கடிதம் விண்ணப்பப் படிவம் கேட்டு. பதிலுக்குரிய தபாற்செலவை அனுப்ப வேண்டுமென்றால் நமது முத்திரை அங்கே செல்லாது. அதற்காகச் சர்வதேச மறுமொழிக் கூப்பன் என்று ஒன்று இருந்தது. அதை இங்கே தபாற்கந்தோரில் வாங்கி உறைக்குள் வைத்தால், அங்குள்ள தபாற்கந்தோர் அதை வாங்கிக்கொண்டு தன் முத்திரையைக் கொடுக்கும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் வெளிநாட்டுக்குச் சிறு தொகை அனுப்பவும் அனுமதி தேவைப்பட்டதால், அந்தச் சிறிய தாளுக்குப் பெரும் மதிப்பு இருந்தது.

படிவம் வந்ததும் வேலை தொடங்கும். பிறப்புப் பத்திரம் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். போட்டோப் பிரதி எளிதாகக் கிடைக்காத ஊர்களில் பட்டச் சான்றிதழை வரிக்கு வரி தட்டச்சுச் செய்து, சமாதான நீதவானிடம் கொண்டுபோய் உண்மைப் பிரதி என்று ஒப்பமும் முத்திரையும் வாங்க வேண்டும். கார்பன் தாள் வைத்து அடிப்பதில் நாலாவது பிரதி மங்கலாக வரும். மங்கல் பிரதி போன நாட்டிலிருந்து பதில் வராவிட்டால் அந்தப் பிரதியைத்தான் குறை சொல்வார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பாடவாரியான பெறுபேற்று விபரம் எடுக்க வேண்டும். அதிபரிடமும் முன்னாள் விரிவுரையாளரிடமும் நற்சான்றுக் கடிதம் கேட்க வேண்டும். தனது கணித ஆசிரியை போவதற்குத் தானே நற்சான்று எழுதும் அதிபரின் நிலைமையையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். அப்படி எழுதிக் கொடுத்த ஓர் அதிபர் கடித உறையை ஒட்டித் தரும்போது ஒன்றுமே பேசவில்லையாம்.

கடவுச்சீட்டு வேறொரு அத்தியாயம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் பரம்பரையால் பிரசையென நிறுவத் தகப்பனாரின் பிறப்பைக் காட்ட வேண்டும். தகப்பனார் மலாயாவில் பிறந்திருந்தால் பேரனார், பூட்டனார் இருவரின் பத்திரங்கள் வரை தேட வேண்டிவரும். இங்கு பிறந்து, இங்கேயே படித்து ஆசிரியத் தகைமை பெற்றிருந்தும் குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த மலையகப் பெண்ணுக்கு இந்தப் படியைத் தாண்டவே வழியில்லை. "வெளிநாட்டு நியமனம்" என்ற சொற்றொடர் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் வரலாறு சொல்லத்தான் வேண்டும்.

மருத்துவப் பத்திரங்களைப் பார்க்கும்போது எனது தொழிற்பழக்கம் என்னை நிறுத்திவிட்டது. நெஞ்சு எக்ஸ்றே சயரோகத்துக்காக. மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தில் பெரியம்மைத் தடுப்பூசியின் பதிவு; 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்துவிட்டதென உலக சுகாதார அமைப்பு அறிவித்தபின் அந்தப் பக்கம் பயனற்றதாயிற்று. அடுத்த பக்கத்தில் மஞ்சட்காய்ச்சல். இந்த ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். பயணச்சீட்டு வந்து ஒரு வாரத்தில் புறப்படு என்று தந்தி வந்தால் அந்தப் பத்து நாள் கணக்கு இடறும். விஷயம் தெரிந்தவர்கள் நியமனம் வரும் முன்பே ஊசி போட்டுக்கொண்டார்கள். பெரியம்மை, மஞ்சட்காய்ச்சல் இரண்டும் உயிருள்ள கிருமியைக் கொண்டு தயாரித்த தடுப்பூசிகள். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடுவதில்லை. ஆண் விண்ணப்பதாரர் எவருக்கும் வராத இந்தச் சிக்கலில், கிடைத்த நியமனத்தைக் கைவிட்ட ஓர் ஆசிரியை நம் கல்லூரியில் இருந்தார். அவருடைய மகள் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர்.

விசா கடைசியில் வரும். பல ஆபிரிக்க நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இருக்கவில்லை. கடவுச்சீட்டையே பதிவுத் தபாலில் வேறொரு தலைநகருக்கு அனுப்ப நேர்ந்தது. வீட்டில் நகையை அடைவு வைப்பதற்கு இருந்த தயக்கம் கடவுச்சீட்டைத் தபாலில் போடவும் இருந்தது என்றார் ஒருவர். நைஜீரியா கொடுத்த வேலை விசாவில் "ஒழுங்குபடுத்தலுக்கு உட்பட்டது" என்ற வாசகம் இருக்கும். அதாவது இது உள்ளே போகும் அனுமதி மட்டுமே. போய் இறங்கி மூன்று மாதத்துக்குள் வேலை தந்தவர் குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து வதிவிட அனுமதியாக அதை மாற்ற வேண்டும். மாற்றுவது தொழில்கொடுப்போரின் பொறுப்பு. மாற்றாவிட்டால் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆவது ஆசிரியை. இந்த வாசகத்தின் கனம் பின்னர்தான் தெரிந்தது.

நான் பார்த்த கோப்புகளில் என்னை அதிகம் பாதித்தது ஒரு கணித ஆசிரியையின் கோப்பு. அவர் விண்ணப்பித்தது 1978 இல். அரசாங்க ஆசிரியை என்பதால் சம்பளமற்ற லீவுக்கும் கொழும்புக்கு எழுதியிருந்தார். லீவு அங்கீகரிக்கப்பட்டால் திரும்பி வந்து அதே சேவையில் தொடரலாம். அங்கீகாரம் இன்றிப் போனால் சேவையைக் கைவிட்டவர்; பதவி விலகிப் போனால் ஓய்வூதியம் போய்விடும். ஆக, இரண்டு கடிதங்கள் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று வட நைஜீரியாவிலிருந்து, விமானங்கள் மாறி மாறி. மற்றது கொழும்பிலிருந்து, இரவு மெயில் வண்டியில் ஓரிரவுத் தூரம். தூரத்துக் கடிதம் முதலில் வந்தது. குறித்த திகதிக்குள் பொறுப்பேற்காவிடில் நியமனம் இரத்து என்று அதில் இருந்தது. கொழும்புக் கடிதத்துக்காக மூன்று வாரம் தபாற்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டு படலையடியில் நின்றிருக்கிறார். பின்பு பதினான்கு வருடச் சேவையை விட்டு விலகுவதாக ஒரு கடிதம் எழுதி, அதையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு விமானம் ஏறினார். லீவு அங்கீகாரம் அவர் போய்ச் சேர்ந்த பின்னர் வீட்டுக்கு வந்தது. தகப்பனார் அதை உடைக்காமலே வைத்திருந்து, அவர் முதல் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தார். அந்தக் கடிதமும் கோப்பில் இருக்கிறது.

பெண்ணாக விண்ணப்பிப்பதில் வேறு முடிச்சுகளும் இருந்தன. கணவனின் ஒப்பந்தத்தில் மனைவி தங்கிவாழ்பவர். கணவனை விட அவருக்கு அனுபவம் அதிகமாக இருக்கலாம்; ஆனாலும் அங்கே போய், தனக்கென வேறொரு வேலை அனுமதி கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். மணமாகாத பெண் தனியே போவதென்றால் ஊர் என்ன சொல்லும் என்பது இங்குள்ள கேள்வி, அங்கே அவ்வாறல்ல. வட நைஜீரியாவின் பெண்கள் கல்லூரிகளிலும் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் பெண் ஆசிரியைகளுக்குத் தனித் தேவை இருந்தது. மதில் சூழ்ந்த மகளிர் விடுதிக் கல்லூரியில் படித்துக் கற்பித்த நமது ஆசிரியைக்கு, கானோவிலும் சொக்கொற்றோவிலும் இருந்த மகளிர் விடுதிப் பாடசாலை அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லையாம். மணி அடிப்பதிலிருந்து விளக்கணைக்கும் நேரம் வரை எல்லாம் தெரிந்த ஒழுங்கே என்று சிரித்தார்.

நமது கல்லூரி என்ன இழந்தது? இதையும் நேராகக் கேட்க வேண்டும். 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974 இல் மாவட்ட அடிப்படை என்று பல்கலைக்கழக வாசல் ஒடுங்கிய அதே ஆண்டுகளில்தான் நமது விஞ்ஞான, கணித ஆசிரியைகளும் குறைந்தார்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் மருத்துவபீடம் கைவிட்டுப் போகும் என்றிருந்த காலத்தில், உயர்தர வகுப்பில் பௌதிக ஆசிரியை இல்லாமல் ஒரு தவணை கழிந்ததை அக்கால மாணவிகள் இன்றும் கசப்போடு சொல்கிறார்கள். ரியூற்றறிகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் அதைப் போன ஆசிரியைகளின் தலையில் மட்டும் இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். பதினான்கு வருடம் சேவை செய்தவருக்கு ஒரு லீவுக் கடிதத்தை நேரத்துக்கு அனுப்ப முடியாத நிர்வாகம் அவரைத் தக்கவைத்துக்கொள்ள எதுவும் செய்யவில்லை. வெளியே போய்ப் படித்துத் தொழில் செய்யும் என்னைப் போன்றவர்களைப் பாராட்டும் இம்மலர், அதே பாதையை முதலில் வெட்டிய ஆசிரியைகளை மட்டும் எப்படிக் குறைசொல்லும்?

1983 அவர்களுக்கு இரு தடவை வந்தது. ஜனவரியில், எண்ணெய் வருமானம் சரிந்த நிலையில், முறையான அனுமதியற்ற வெளிநாட்டவர்கள் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டுமென நைஜீரிய அரசு அறிவித்தது. இலட்சக்கணக்கான கானா நாட்டவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நின்றார்கள். அரசாங்க சேவையில் இருந்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மாநில அரசின் ஆசிரியைகள் தப்பினார்கள். தனியார் பாடசாலைகளில் இருந்து, விசா இன்னும் ஒழுங்குபடுத்தப்படாதவர்கள் தமது கடதாசிகளைத் தேடி ஓடினார்கள். பிறகு யூலை. பாடசாலை ஆண்டு முடிந்து ஒப்பந்த ஆசிரியர்கள் ஊருக்கு வருவது அந்த மாதத்தில்தான். சூட்கேசுகளில் பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான்களோடு வந்தவர்கள் கொழும்பில் அகதிமுகாமைக் கண்டார்கள். அவர்களுள் ஒருவர் திரும்பிப் போகும்போது கடவுச்சீட்டிலிருந்த வதிவிட அனுமதி முத்திரையை விமான நிலையத்தில் மூன்று முறை திறந்து பார்த்தாராம். சம்பளத்துக்காக வாங்கிய முத்திரை அன்று புகலிடமாக மாறியிருந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. 1985 இல் ஒரு டொலரை விடப் பெறுமதியாயிருந்த நைரா, 1986 செப்டெம்பரில் புதிய அந்நியச் செலாவணிச் சந்தை தொடங்கியதும் ஒரு டொலருக்கு நாலரை என்ற அளவுக்குச் சரிந்தது. சாம்பியாவின் செப்பு அதற்கு முன்பே, 1975 முதல், விலை இழந்திருந்தது. ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை, அல்லது புதுப்பிப்பதில் பயனில்லை. ஊருக்குத் திரும்பும் நிலைமையும் இல்லை. மறுபடி தட்டச்சுப் பிரதி, மறுபடி எக்ஸ்றே, மறுபடி நற்சான்று. இம்முறை முகவரிகள் பொற்சுவானா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா. இன்று ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நமது சங்கத்தின் கிளைகளில் முன்வரிசையில் அமரும் மூத்தவர்கள் சிலர் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே அங்கு போனவர்கள் அல்லர். லுசாக்கா வழியாகவும் கடுனா வழியாகவும் போனவர்கள்.

அந்தக் கணித ஆசிரியை ஊர் திரும்பினார். ஓய்வூதியம் இல்லை. நான் உயர்தரம் படித்த காலத்தில், மின்சாரமும் இல்லாமல் புகையிரதமும் இல்லாமல் குடாநாடு கிடந்த ஆண்டுகளில், கல்லூரியில் கணிதத்துக்கு ஆள் இல்லாதபோது ஊதியம் பெறாமல் வந்து இரண்டு வகுப்புகளுக்குப் படிப்பித்தார். அவர் எழுதும்போது வெண்கட்டி உடையாது. நைஜீரியாவில் என்ன செய்தீர்கள் ரீச்சர் என்று நாங்கள் கேட்டால், இதைத்தான் செய்தேன் என்று கரும்பலகையைக் காட்டுவார். அவருடைய பெயரும் அறிக்கைகளில் "வெளிநாட்டு நியமனம் பெற்றுச் சென்றார்" என்பதோடு முடிகிறது. திரும்பி வந்த ஆண்டு எதிலும் பதிவாகவில்லை.

ஆகவே சங்கத்திடமும் உலகெங்கும் இருக்கும் நம்மவரிடமும் ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போதும் பெற்றோர் காலமான பின்னரும் பழைய கோப்புகள் முதலில் குப்பைக்குப் போகின்றன. உங்கள் தாயாரிடமோ பெரியம்மாவிடமோ நியமனக் கடிதம், ஒப்பந்தம், மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகம், காலாவதியான கடவுச்சீட்டு, ஏரோகிராம் இருந்தால் அவற்றின் பிரதிகளைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். கடித உறைகளையும் எறிந்துவிடாதீர்கள். கடிதத்தில் திகதி இராத இடங்களில் அஞ்சல் முத்திரையைப் பார்த்துத்தான் எந்தக் கடிதம் முந்தி வந்தது என்று நான் கண்டுபிடித்தேன்.